பாத்ரூம் தரைக்கு ஷீட்: நாமே ஒட்டலாம், ஆனால் எங்கே?

வயதானவர் ஒருவர் வீட்டிலேயே வழுக்கி விழுந்துவிட்டார் என்று சேதி வந்தால், நாம் கேட்கிற முதல் கேள்வி, “பாத்ரூம்லயா?” என்பதுதான். சோப்பு நுரை, சீயக்காய், தலையிலிருந்து வழிந்த நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்து அந்த ஐந்தடி இடத்தை வழுக்குப் பாறையாக ஆக்கிவிடுகிறது. கூடத்தில் விழுந்தாலாவது பிடித்துக்கொள்ள நாற்காலி, தூண் என்று ஏதாவது இருக்கும். பாத்ரூமில் குழாயும் வாளி விளிம்பும்தான்.

இது சின்ன விஷயம் இல்லை, சகோதரிகளே. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரை இழக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 60 வயதைத் தாண்டியவர்களே இதில் அதிகம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் பலம் குறைந்துகொண்டே வரும். அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். கர்ப்பிணிப் பெண்களுக்கோ வயிறு முன்னால் வர வர, தன் காலே தனக்குத் தெரியாது; நடையின் நிதானமும் மாறிவிடும்.

எங்கள் வீட்டில் இந்த இரண்டு கவலையும் ஒன்றாக வந்தது. மாமியாருக்கு எழுபது வயது, முழங்கால் வலி. மகளுக்கு வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. எங்கள் பாத்ரூமோ இருபது வருஷத்துச் சிமெண்டுத் தரை. ஆசிட் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் பெயர்ந்தும், ஒரு பக்கம் மழமழவென்றும் கிடந்தது. டைல்ஸ் போடலாம் என்றால், தரையை உடைத்து, கமோடைக் கழற்றி, மறுபடி வைக்க வேண்டும். செலவைக் கேட்டதும் மலைப்பாக இருந்தது. அப்போதுதான், “லினோலியம் ஷீட் ஒட்டினா என்ன? நாமே ஒட்டிடலாமே” என்று தோன்றியது.

“உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?” என்றார் வீட்டுக்காரர். மாமியார்தான் எனக்குப் பரிந்து பேசினார்: “சாணி மெழுகின கைக்கு இது என்னடா பெரிய வேலை? தரைங்கிறது எந்தக் காலத்திலயும் பொம்பளைங்க கையில இருந்ததுதான்.”

லினோலியம் என்றால் என்ன?

இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்துக்காரரான பிரெடெரிக் வால்டன். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்தால் மேலே ரப்பர் மாதிரி ஓர் ஆடை படியும், பார்த்திருப்பீர்கள். அதைக் கவனித்துத்தான் 1860-களில் அவர் இதை உண்டாக்கினார் என்று சொல்வார்கள். அந்த எண்ணெயோடு தக்கைத் தூளும் குங்கிலியம் போன்ற பிசினும் கலந்து, சணல் துணியில் அழுத்திச் செய்வது லினோலியம். லத்தீனில் ‘லினும்’ என்றால் ஆளிச்செடி, ‘ஓலியம்’ என்றால் எண்ணெய். அதுதான் பெயர்க் காரணம்.

இன்று நம் ஊர்க் கடைகளில் லினோலியம் என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அது இல்லை. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கில் செய்த வினைல் ஷீட். ரயில் பெட்டியில் காலுக்கடியில் இருக்கிறதே, அந்த ஜாதி. இந்த வித்தியாசம் நமக்கு முக்கியம். அசல் லினோலியத்துக்கு அடியில் சணல் துணி இருப்பதால், ஈரம் நின்றால் அது ஊறி மக்கிவிடும். பாத்ரூம் பக்கமே அது ஆகாது. வினைல் ஷீட்டைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் அடியில் போன தண்ணீர் எதை வேண்டுமானாலும் செய்யும்.

எங்கே ஒட்டலாம், எங்கே கூடாது?

வெளிநாட்டுக்காரர்கள் பாத்ரூம் முழுக்க ஷீட் ஒட்டுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் தொட்டியிலோ கண்ணாடிக் கூண்டிலோ குளிக்கிறார்கள். தரை காய்ந்தே இருக்கும். நாமோ அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்கிறவர்கள். துணி துவைப்பதும் அங்கேதான், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் அங்கேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஜலதாரை வரைக்கும் முழுக்க ஷீட் ஒட்டியிருந்தார்கள். மூன்று மாதம் பார்க்க அழகாக இருந்தது. பிறகு ஜலதாரை ஓரத்தில் பசை விட்டு, தண்ணீர் உள்ளே போய்விட்டது. மிதித்தால் ‘பொதக் பொதக்’ என்று சத்தம், ஒரு மக்கல் வாடை. பிரித்துப் பார்த்தால் அடியில் கறுப்புப் பூசணம்! தூக்கிக்கொண்டு நின்ற ஓரத்தில் கால் தடுக்கி அந்த வீட்டுப் பாட்டி விழவும் செய்தார். நல்ல வேளை, கைச் சுளுக்கோடு போயிற்று.

அதனால் நான் வகுத்துக்கொண்ட சட்டம் இது: தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் ஷீட் வேண்டாம். கமோடும் வாஷ்பேசினும் இருக்கிற பாதியில் மட்டும் ஒட்டலாம். எங்கள் பாத்ரூம் எட்டடி நீளம், ஐந்தடி அகலம். உள்பாதியில் கமோடும் பேசினும் இருக்கின்றன. அது குளிக்கிற பாதியை விட ஓர் அங்குலம் உயரம். இந்த உயர வித்தியாசம் இருந்தால்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும். இரண்டும் ஒரே மட்டம் என்றால் ஷீட் ஆசையை விட்டுவிடுங்கள். சொரசொரப்பான சிறிய டைல்ஸ்தான் நல்லது.

குளிக்கிற பாதிக்கு ஒரு நாள் கொத்தனார் வந்தார். பழைய தரையைக் கொத்திவிட்டு, சிமெண்ட் பால் தெளித்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூசினார். அடிக்குக் கால் அங்குலம் ஜலதாரைப் பக்கம் வாட்டம் வைக்கச் சொன்னேன். அவர் மழமழவென்று தேய்க்கப் போகும்போது, “நயமா வேண்டாங்க, அப்படியே விடுங்க” என்று நிறுத்தி, ஈரம் காயுமுன்னே கயிற்றை அழுத்திக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். அந்தக் கோடுகள்தான் இப்போது காலுக்குப் பிடி.

கடையில் கவனிக்க வேண்டியவை

ஷீட் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். “அக்கா, இதை எடுத்துக்குங்க, மார்பிள் மாதிரி பளபளன்னு இருக்கும்” என்றார் கடைக்காரத் தம்பி. “தம்பி, ஒரு டம்ளர் தண்ணியும் துளி சோப்பும் குடு” என்றேன். அவர் சிரித்தார், ஆனாலும் கொடுத்தார். மாதிரித் துண்டுகளைக் கீழே வைத்து, சோப்புத் தண்ணீர் விட்டு, வெறுங்காலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். பளபளப்பு ஷீட்டில் கால் சறுக்கிக்கொண்டு போயிற்று. மேலே மணல் மணலாக இருந்த ஷீட் பிடித்து நிறுத்தியது. புடவைக்குச் சாயம் போகுமா என்று பார்த்து வாங்குகிறோமே, இதுவும் அப்படித்தான்.

கனம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இருக்கட்டும். மேஜைக்கு விரிக்கிற மாதிரி மெல்லியது சுருங்கும், கிழியும். ஷீட் பெரும்பாலும் இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி அகலத்தில் வரும். ஐந்தடித் தரைக்கு இரு பக்கமும் சுவரில் மூன்று மூன்று அங்குலம் மடித்து ஏற்றினாலும் ஐந்தரை அடிதான். ஆக நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக அமையும். ஒட்டு இல்லாத தரையில் தண்ணீருக்கு வழி குறைவு.

கூட வாங்க வேண்டியவை: ஷீட்டுக்கான ரப்பர் பசை, பல் வைத்த பசைத் தகடு, புது பிளேடு போட்ட கத்தி, இரும்பு ஸ்கேல், சிலிக்கான் ட்யூப் ஒன்று, ஷீட்டின் முன் விளிம்பை மூட அலுமினியப் பட்டி.

தரையைத் தயார் செய்தல்

முக்கால்வாசி வேலை இதில்தான். ஷீட் என்பது மேலே போர்த்துகிற துணி மாதிரி. அடியில் கடுகளவு கல் இருந்தாலும் நாலு நாளில் மேலே தெரியும்.

1. பெயர்ந்த சிமெண்டைச் சுரண்டி எடுங்கள். வாஷிங் சோடா கரைத்த வெந்நீரால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவுங்கள். பிசுக்கின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

2. நேரான பலகையைத் தரையில் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிற பள்ளங்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். அவற்றை நனைத்து, சிமெண்டும் சலித்த மணலும் குழைத்துப் பூசி மட்டம் செய்யுங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். பூசிய நாளிலிருந்து 28 நாளாவது ஆகட்டும்.

3. பிறகு ஈரப் பரீட்சை. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு பகல், ஓர் இரவு கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, சிமெண்டுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். காத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம்.

பேப்பர் அளவு

ரவிக்கை வெட்டத் தெரிந்தவர்களுக்கு இது கை வந்த கலை. அளவு ரவிக்கையை வைத்துத் தையலுக்கு விட்டு வெட்டுகிறோம் அல்லவா? அதே முறைதான். பழைய செய்தித்தாள்களை டேப் போட்டு இணைத்துத் தரை முழுக்க விரியுங்கள். தாள் நகராமல் இருக்க, நடுநடுவே சின்ன முக்கோணமாக வெட்டி, அந்த ஓட்டை வழியாகத் தரையோடு டேப் ஒட்டிவிடுங்கள். கமோடின் அடி வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தும் மடித்தும் பொருத்தி, பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள்.

ஷீட்டை முதல் நாளே சுருள் பிரித்து வீட்டுக்குள் நிழலில் விரித்து வையுங்கள். சீக்கிரம் பணியட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் போட்டுவிடாதீர்கள். வெயிலில் விரிந்தது, ஒட்டிய பிறகு சுருங்கும்.

மறுநாள் ஷீட்டின் மேல்பக்கம் தெரிய, அதன்மேல் பேப்பர் அளவை வைத்துக் குறித்து, சுவர்ப் பக்கம் ஏறுவதற்கு மூன்று அங்குலமும், மேற்கொண்டு ஓர் அங்குலமும் விட்டு வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்க வேண்டாம். ஸ்கேலை அழுத்திப் பிடித்து, இலேசாக மூன்று நான்கு தரம் இழுத்தால் சுத்தமாக வரும். கை, ஸ்கேலுக்குப் பின்னால் இருக்கட்டும். கமோடுக்கான துளைக்கு, பின்சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு நேர் வெட்டுப் போட்டுக் கொண்டுவாருங்கள். அந்த ஒரே இணைப்பு கமோடுக்குப் பின்னால் மறைந்துவிடும். அங்கே யார் காலும் படாது. மூலைகளில் ‘வி’ மாதிரி வெட்டினால் மடிப்புப் படியும்.

ஒட்டும் நாள்

முதலில் பசை இல்லாமல் விரித்துப் பொருத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த பிறகு, பாதி ஷீட்டைச் சுருட்டி மேலே போட்டு, அந்தப் பாதித் தரைக்கு மட்டும் பசை தடவுங்கள். ரப்பர் பசையைத் தடவியதும் ஒட்டக் கூடாது. டப்பாவில் சொன்ன நேரம் காத்திருந்து, விரலால் தொட்டால் பிசுபிசுத்தும் விரலில் ஒட்டாமலும் இருக்கிற பதத்தில் ஷீட்டை இறக்க வேண்டும். பாகுப் பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் வரும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே அழுத்துங்கள். நான் சப்பாத்திக் குழவியில் துணி சுற்றி உருட்டினேன். பிறகு அடுத்த பாதி.

ஓரங்கள்தான் உயிர். ஆஸ்பத்திரி ஆபரேஷன் அறைகளில் தரை ஷீட்டைச் சுவரிலும் கொஞ்சம் ஏற்றி ஒட்டியிருப்பார்கள். மூலையில் அழுக்கும் தண்ணீரும் தங்காமல் இருக்கத்தான். அதே மாதிரி மூன்று அங்குலம் ஏற்றி ஒட்டி, மிச்சத்தை வெட்டி, மேல் விளிம்பிலும் கமோடைச் சுற்றியும் பின்னால் உள்ள வெட்டிலும் சிலிக்கான் இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் நீவிவிடுங்கள். குளிக்கிற பாதியைப் பார்த்த முன் விளிம்பில் அலுமினியப் பட்டியை வைத்துத் திருகாணி முடுக்கி, அதன் இரு ஓரமும் ஆணித் தலையும் மூட சிலிக்கான் போட வேண்டும். டிரில் போட்டுப் பட்டியை முடுக்கியது வீட்டுக்காரர். எங்கள் ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் குடிகொண்ட ஊர். வேலையிலும் பாதி அவருக்கு என்று கொடுத்துவிட்டேன்! பட்டியின் மேல் மஞ்சள் பெயிண்ட் அடித்தது மாமியாரின் யோசனை. கண் மங்கியவர்களுக்கும் அங்கே ஓர் அங்குலம் இறங்குகிறது என்று தெரியும்.

ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் தண்ணீர் படக் கூடாது.

தாய்மார்கள் கவனத்துக்கு

ரப்பர் பசையின் ஆவி தலைவலி, மயக்கம் தரும். சட்டென்று தீப்பிடிக்கவும் செய்யும். ஜன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். பக்கத்தில் அடுப்பு, ஊதுவத்தி, கேஸ் கெய்சர் எதுவும் எரியக் கூடாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தையும் வாடை போகும்வரை அந்தப் பக்கமே வர வேண்டாம். கர்ப்பமாக இருக்கும் சகோதரிகள் இந்த வேலையைத் தாங்களே செய்யக் கூடாது. மகள் வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே நான் முடித்ததும் இதனால்தான்.

பராமரிப்பு

• ஷீட்டுக்கு ஆசிட் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். சிமெண்டுத் தரைக்கும் ஆசிட் எமன்தான். அரித்து அரித்துப் பெயர்த்துவிடும்.

• பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருநாளும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் மூச்சையே அடைத்துவிடும்.

• எண்ணெய்க் குளியல் நாளில், கடைசியாகக் குளிக்கிறவர் தரையில் அரப்புத் தூள் தூவித் தேய்த்துக் கழுவிவிட்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் இது சட்டம்.

• ஷீட்டின் மேல் ரப்பர் அடி வைத்த மிதியடி போடாதீர்கள். மஞ்சள் கறை ஏறினால் போகாது.

• மாதம் ஒரு முறை ஓரங்களை விரலால் நிமிண்டிப் பாருங்கள். சிலிக்கான் விட்டிருந்தால் பழையதை எடுத்து, நன்றாகக் காய வைத்துப் புதிதாகப் போடுங்கள். அடியில் தண்ணீர் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த இடத்தைப் பிரித்துக் காய விடுங்கள். மேலே கனம் வைத்து அமுக்கினால் பூசணம்தான் வளரும்.

• தரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு கைப்பிடி வேண்டும். டவல் மாட்டுகிற கம்பி உடம்பின் கனத்தைத் தாங்காது. கமோடுக்குப் பக்கத்திலும் குளிக்கிற இடத்திலும், உட்கார்ந்து எழுந்திருக்க எட்டுகிற உயரத்தில், சுவருக்குள் பதித்த கெட்டியான இரும்புப் பிடி வையுங்கள்.

தரையைச் சீர் செய்ய ஒரு வாரம் விட்டுவிட்டு உழைப்பு, ஒரு மாதம் பொறுமை, ஒட்டுவதற்கு ஒன்றரை நாள். எனக்கு ஆனது இவ்வளவுதான். கொத்தனார் கூலியும் ஒரு நாளோடு முடிந்தது. நீங்களும் ஆரம்பிக்குமுன் ஒரு குடம் தண்ணீரை உங்கள் பாத்ரூம் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று நின்று பாருங்கள். தேங்குகிற இடத்தை முதலில் கொத்தனாரை வைத்துச் சரி செய்யுங்கள். ஷீட் வாங்கக் கடைக்குப் போவது அதற்கப்புறம் இருக்கட்டும்.